முட்டைக்குள் எழுதி வைத்தது

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவள் அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருந்து வருவாள். நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கூடமும் அடையாறுதான். அவளுடைய குடிசையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் எனக்கு வேண்டிய பிராணியை அவள் அங்கே கொடுக்கமாட்டாள். கரையில் வைத்து முதல் வியாபாரமாக அதைக் கைமாற்றினால் அன்றைக்கு வலைக்கு ஆகாதாம். முதலில் மீன் போணியாக வேண்டும். அவளுடைய போணி தியாகராய நகரில், எங்கள் தெருவில், என் அம்மாவிடம். அதனால் அடையாற்றுக் கடலில் சிக்கிய பிராணி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு தியாகராய நகருக்கு வரும். அம்மா பேரம் பேசி மீன் வாங்கிய பிறகு என் வாளிக்கு மாறும். மறுபடியும் பஸ் ஏறி அடையாறுக்கே போகும். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது.

பாடப்புத்தகம் அதைக் கடல் முள்ளெலி என்று சொல்லும். குப்பத்தில் வெறும் முள்ளு. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை, உடம்பெல்லாம் முள், கீழே ஒரு வாய். தலையும் கிடையாது, முகமும் கிடையாது. வலையில் மாட்டினால் எடுக்கும்போது கையைக் கிழிக்கும் என்பதைத் தவிர அவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

“இன்னா கண்ணு, இத்த எட்துக்கினு போயி இன்னா பண்றே?” என்று முதல் நாள் மீன்காரி கேட்டாள்.

“முட்டை எடுப்பேன்.”

“துன்றதுக்கா?”

“பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கா காசு குடுக்கறாங்கோ?” என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

ஆனால் அந்த முட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முள்ளுக்குள் கொஞ்சம் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றி, குடுவையில் இருக்கும் கடல் நீரின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், சிறிது நேரத்தில் மெல்லிய மஞ்சள் இழைகள் கீழே இறங்கும். அவ்வளவும் முட்டை. அவசரமே இல்லாமல் இறங்கி அடியில் படியும். நான் வேலையை மறந்து கன்னத்தில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று வரும். எங்கோ சைக்கிள் மணி கேட்கும். காலை எப்போது மதியமாயிற்று என்று தெரியாது.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனகல் பூங்கா அருகே பாத்திரக் கடை வைத்த குடும்பம். கீழே கடை, மேலே வீடு. அப்பா காலமான பிறகு கடை அண்ணன் பொறுப்பு, வீடு அம்மா பொறுப்பு. நான் இரண்டுக்கும் உதவாதவள். படிக்கிறேன் என்று சொல்லி வாளி தூக்கிக்கொண்டு திரிகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் பஸ்ஸுக்குக் காசு தினமும் அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்துதான் வரும்.

அண்ணன் மனைவியை மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். மெல்லிய குரல், நீண்ட விரல்கள். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை கருவுற்று, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. வைத்தியர் காரணம் சொல்லவில்லை. வீட்டில் ஏராளமான காரணங்கள் சொன்னார்கள். முதல் தடவை, மொட்டை மாடிக்கு ஈரத்துணி வாளியைத் தூக்கியது. இரண்டாவது தடவை வாளியைத் தொடவே இல்லை, அதனால் பஸ்ஸில் போனது. பஸ்ஸில் போனதும் என்னோடுதான், மயிலாப்பூர் தேர் பார்க்க. அதனால் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது.

“அவ வயித்துல தங்க மாட்டேங்கு,” என்று அம்மா வருகிறவர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்வாள். “என்ன, பிள்ளைங்க எத்தனை?” என்று கேட்பவர்களிடம், “இன்னும் ஒண்ணும் இல்ல,” என்பாள். கொடுமை செய்ய வேண்டுமென்று சொன்னதல்ல, வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் மதினி அடுக்களைக்குள் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. இருக்கிற தம்ளர்களையே எடுத்துத் துடைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் எரிந்து விழுவது என்றுதான் தெரியாது.

அந்த ஆவணியில் ஆழ்வார்பேட்டையில் சித்தி மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மதினியின் முகத்தைப் பார்க்காமல், “கடையில ஆள் இல்ல தாயி, நீ வீட்டப் பாத்துக்க,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது. மூன்று பேருக்கும் அது தெரியும். கரு கலைந்தவளின் கை வளையல் போடக்கூடாது என்பதை இதைவிட நயமாகச் சொல்ல எங்கள் ஊரில் வழியில்லை. மதினி தலையாட்டினாள்.

அம்மா படியிறங்கியதும், “எனக்கு லேபில் வேலை இருக்கு. நீங்களும் வாங்க,” என்றேன்.

“நானா? நான் வந்து என்ன செய்ய?”

“சும்மா பாருங்க.”

அவள் உடனே புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வளைகாப்புக்கென்று எடுத்து வைத்திருந்த புடவை அது என்று படியிறங்கும்போதுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையின் ஆய்வுக்கூடம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அமைதியாக இருக்கும். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நீளமான மேஜைகள், கடல் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள், அவற்றின் வழியாகச் சுவரில் விழுந்து ஆடும் வெயில். மதினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

முதலில் நுண்ணோக்கியில் அவளுக்குத் தன் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. “கறுப்பா கம்பி கம்பியா இருக்கு,” என்றாள். தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். வட்ட வெளிச்சத்துக்குள் முட்டைகள் மிதந்தன. ஒவ்வொன்றும் தெளிந்த உருண்டை.

ஆண் முள்ளிலிருந்து எடுத்து வைத்திருந்த விந்துப் பாலில் ஒரு துளியைக் கடல் நீரில் கலந்து விட்டேன். “இப்ப கண்ணெடுக்காதீங்க,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. முட்டையைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று எழும்பி விலகி நிற்கும். அதைத்தான் பார்த்திருக்கிறாள். “யாரோ போர்வை போத்துன மாதிரி இருக்கு,” என்றாள். பிறகு கண்ணை எடுக்காமலேயே, “இனிமே என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

இரண்டாகப் பிளக்க ஒரு மணி நேரம் போல ஆகும். அதுவரை என் ஆராய்ச்சி என்ன என்று அவளுக்குச் சொன்னேன். வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

உடம்பில் எதைச் செய்ய வேண்டுமென்றாலும் புரதம் வேண்டும். எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்பது மரபணுவில் இருக்கிறது. மரபணு செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. அதிலிருந்து ஒரு பிரதி எழுதி வெளியே அனுப்ப வேண்டும். அதன் பெயர் தூது ஆர்.என்.ஏ. வெளியே இருக்கும் செல்லின் பட்டறை அந்தத் தூதைப் படித்துப் புரதம் செய்யும். இவ்வளவும் பாடத்தில் உள்ளது. அதிசயம் முட்டையில்தான். தாயின் வயிற்றில் முட்டை வளரும் காலத்திலேயே, பின்னால் வேண்டியிருக்கும் தூதுகளைத் தாய் எழுதி முட்டைக்குள் வைத்துவிடுகிறாள். ஆனால் அவை படிக்கப்படுவதில்லை. மூடிய நிலையில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கின்றன. விந்து தொட்டதும் மூடியிருந்தது விலகுகிறது. சில நிமிடங்களில் முட்டை முழுவதும் வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

மதினி யோசித்தாள். “தீபாவளிக்கு வர்ற சரக்கு மாதிரியா? வைக்கோல் சுத்தி, கட்டுப் பிரிக்காம கிட்டங்கியில கிடக்குமே.”

“அதேதான்.”

“கட்டுப் பிரிக்கக் கூடாதுன்னு யாரு சொல்லுவா?”

என் பேராசிரியர் கேட்கவேண்டிய கேள்வி அது. அதைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறோம், எனக்கும் தெரியாது என்றேன். அவள் சிரித்தாள். அந்த வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அதற்குள் முட்டைகள் பிளக்க ஆரம்பித்திருந்தன. நடுவில் ஒரு மெல்லிய கோடு விழும், இடுப்பு ஒடுங்கும், இரண்டாகும். ஒன்று ஆரம்பித்ததும் பக்கத்தில் உள்ளது, அதற்குப் பக்கத்தில் உள்ளது என்று வட்டம் முழுவதும் நடக்கும். சத்தமே இருக்காது. இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். மதினி இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள் மாலை கருவுறச் செய்த இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் வெறும் கடல் நீர். அதில் கருக்கள் உட்புறமாக மடங்கி, குடல் உருவாகி, மூலைகள் வைத்து ஒரு வடிவத்துக்கு வந்திருந்தன. இன்னொன்றில் ஒரு மருந்து கலந்திருந்தேன். செம்மஞ்சள் பொடி. அது கரு சொந்தமாகத் தூது எழுதுவதைத் தடுத்துவிடும். அதிலும் முட்டைகள் பிளந்திருந்தன. பல செல்களாகி, உள்ளே காலியான பந்தாகி, மேலே முளைத்த நுண்ணிய மயிர்களை அசைத்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஆனால் அந்த உருண்டையிலிருந்து ஒரு படி மேலே போகவில்லை.

மதினி இரண்டாவது தட்டை நெடுநேரம் பார்த்தாள்.

“இது ஏன் நின்னு போச்சு?”

“இதுக்கு மேல சொந்தமா எழுதணும். நான் எழுத விடல, மருந்து போட்டுட்டேன்.”

“தாய் வச்சது பத்தலையா?”

“தாய் வச்சது பூராவும் இருந்துச்சு மதினி. இவ்வளவு தூரம் வந்ததே அதுலதான். இதுக்கு மேல தாய் எழுத முடியாது. அதுதான் எழுதணும்.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. “பாவம், சுத்திக்கிட்டே இருக்கு,” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாலத்தைக் கடக்கும்போது ஆறு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. “மனுசங்களுக்கும் இப்படித்தானா?” என்று கேட்டாள். தெரியாது, நான் முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன் என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அம்மா விசாரித்தாள். “அவளைக் கூட்டிட்டுப் போயி என்னட்டி காமிச்ச?” வளைகாப்பு விஷயத்தில் அம்மாவுக்கும் உறுத்தல் இருந்திருக்கும், கோபித்துக்கொள்ளவில்லை. நான் உற்சாகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்கு முதலில் வேண்டியதையெல்லாம் தாய் முட்டைக்குள்ளேயே சேர்த்து வைத்துவிடுகிறாள் என்று சொன்னபோது அம்மா அரிவாள்மணையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்த முள்ளு முட்டையிலயா?”

“ஆமா.”

“எல்லாம் இருக்குமா?”

“எல்லாம் இருக்கும்.”

அம்மா மறுபடியும் காய் நறுக்க ஆரம்பித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனியே இருப்பார்கள். அடுக்களைக்கு வரமாட்டார்கள். அதனால் யாருக்கு எப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது வாய் திறக்காமலே வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி பிறந்து சில நாள் கழிந்தும் மதினி பின்கட்டுக்குப் போகவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் முடியும்வரை அதைச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. அம்மா மட்டும் அடுக்களையில் வாளிகளையெல்லாம் சத்தமில்லாமல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அடைமழை பிடித்துவிட்டால் கடலுக்குப் போகமாட்டார்கள், என் ஆராய்ச்சிப் பருவமும் முடிந்துவிடும். கடைசியாக ஒரு சனிக்கிழமை மீன்காரி நல்ல முட்கள் கொண்டுவந்து தந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் குறையாக இருந்த ஒரு சோதனையை அன்று முடித்துவிட வேண்டும். வாளியை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அடுக்களையிலிருந்து மிளகு தாளிக்கும் வாசனை வந்தது.

அம்மா அரிவாளால் முட்களை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த மஞ்சள் முட்டைத் திரள்களைக் கரண்டியால் வழித்தெடுத்து, சின்ன வெங்காயம் போட்டு வதக்கிக்கொண்டிருந்தாள். முந்தின வாரமே மீன்காரியிடம் கேட்டிருக்கிறாள். அவளும், “எங்க ஜனம் துன்னாது. ஆனா துன்னா ஒன்னியும் ஆவாதும்மா,” என்று சொல்லியிருக்கிறாள். மதினி சுவரோரம் தட்டோடு உட்கார்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டுப் பாதி சாப்பிட்டு முடித்திருந்தாள்.

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. என் ஒரு வருட உழைப்பு வாணலியில் இருக்கிறது என்று கத்தினேன்.

“உனக்கு அடுத்த வருசமும் கடல் இருக்கும்,” என்றாள் அம்மா. “அவளுக்கு இந்த மாசம்தான் இருக்கு. எல்லாம் இருக்கும்னு நீதானட்டி சொன்ன?”

“முள்ளுக்குஞ்சுக்கு வேண்டியது இருக்கும்மா. மனுசங்களுக்கு இல்ல. மதினிகிட்ட என்ன குறைன்னு இதை ஊட்டுறீங்க? அவங்க குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்தாச்சு. எல்லாத் தடவையும் குடுத்தாச்சு.”

சொல்லக்கூடாத நேரத்தில் அந்தப் பேச்சைச் சபையில் போட்டு உடைத்துவிட்டேன். மதினி தட்டைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் கசக்கு அத்தை. மத்தபடி நல்லாத்தான் இருக்கு,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை, தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

அந்த வருடத்து ஆராய்ச்சி இப்படியாக மிளகோடு முடிந்தது. பேராசிரியரிடம் முள் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, சரி, மழை விடும்வரை நூலகத்தில் உட்கார்ந்து படி என்றார். அதனால் மழைக்காலம் முழுவதும் நூலகத்தில் இருந்தேன். கூரையில் மழை கொட்டும். பழைய சஞ்சிகைகள் நனைந்த அட்டை வாசனை அடிக்கும். ஒவ்வொரு பிராணியின் முட்டையைப் பற்றியும் படித்தேன். தவளை, மீன், எலி. கண் சொருகும், வரிகள் கலங்கும். மதினியின் வயிற்றில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று மனம் ஓடும்.

மார்கழி தொடங்கும் முன் ஒரு மத்தியானம் மதினிக்கு இரத்தம் பட்டது. மூன்றாம் மாதம். நான் வீட்டுக்கு வந்தபோது கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். பெண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, படுத்தே இருக்கட்டும், வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போயிருந்தார். அண்ணன் கடையை மூடிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. மதினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். “நான் அப்பவே சொன்னேன், அந்த…” என்று ஆரம்பித்தாள். வாளியா, படியா, பஸ்ஸா என்று காத்திருந்தேன். அம்மா மேலே சொல்லவில்லை. வெளியே மழை தாழ்வாரத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, மருந்து போட்டா அந்த முள்ளுக்குஞ்சு நின்னுபோகும்னியே. மருந்து போடாமலே சிலது நிக்குமா?”

“நிக்கும்மா. ஒரே தாயோட முட்டைதான், ஒரே தண்ணிதான். அதுலயும் சிலது நின்னு போகும்.”

“தாய் ஏதும் செய்ததாலயா?”

“தாய் பக்கத்துலயே கிடையாதும்மா, கடல்ல முட்டைய விட்டுட்டுப் போயிருவா. அந்தக் குஞ்சு தானா எழுதினதுல எங்கயோ கோளாறு இருக்கும். ஏன்னு எங்களுக்கும் தெரியாது.”

“எப்பத்துலருந்து அது தானா எழுதும்?”

நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். முள்ளு கொஞ்சம் தாமதமாகத்தான் தன் எழுத்தை நம்பும். எலியில் அப்படி இல்லை, கரு இரண்டே செல்லாக இருக்கும்போதே சொந்தமாக எழுதத் தொடங்கிவிடுகிறது. மனிதர்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதுவும் சீக்கிரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

“சீக்கிரம்னா? ரெண்டாம் மாசமா?”

“மாசம் இல்லம்மா. நாள். ரெண்டு மூணு நாள்.”

அம்மா விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். “அதுக்கப்புறம் மூணு மாசம்வரைக்கும் அது பாட்டுக்கா?”

“அவங்க வயித்துல, அவங்க ரத்தத்துல. ஆனா எழுத்து அதோடது.”

மதினி தூங்கவில்லை. சுவரில் விழுந்திருந்த அவள் நிழலில் தோள் குலுங்குவது தெரிந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். எழுந்து கட்டிலில் உட்கார்ந்து, மதினியின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தாள். மாமியார் மருமகளின் காலைத் தொடுவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம். மதினி பதறிக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். “கிடட்டி,” என்று அம்மா அதட்டினாள்.

இரத்தம் சில நாட்களில் நின்றது. தை பிறந்தது. மதினியின் புடவைக் கட்டு மேலே ஏறியது. முட்டையால்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அம்மா அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.

மழை விட்டுக் கடல் தெளிந்ததும் மீன்காரி மறுபடியும் முள் கொண்டுவந்தாள். இந்தத் தடவை நான் வாளியைக் குளியலறைக்குள்ளேயே எடுத்துப் போனேன். என் சோதனையும் முடிந்தது. பிறகு எத்தனையோ வருடங்கள் அதே கேள்வியோடு இருந்தேன். கட்டுப் பிரிக்கக் கூடாது என்று யார் சொல்வது என மதினி கேட்ட கேள்விக்குப் பதில்கள் மெல்ல மெல்ல வந்தன. தூதின் முனையில் வால் போல ஒன்று இருக்கிறது. வால் நீண்டால் தூது படிக்கப்படும், குறுகினால் உறங்கும். வேலை முடிந்ததும் தாயின் தூதுகள் ஒவ்வொன்றாக அறுக்கப்பட்டு இல்லாமல் போகும், கருவின் எழுத்துக்கு இடம் கொடுத்து. மனிதர்களிலும் அது நாட்கணக்கில்தான் என்று பின்னால் வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அன்று மழையில் நான் துணிந்து சொன்னது ஏறக்குறைய சரிதான் என்று தெரிந்தபோது, அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஆனி மாதத்து விடியலில் மதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். பிரசவ வார்டில் வேப்பமரக் காற்று வந்துகொண்டிருந்தது. அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி களைத்துப்போய் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். கட்டில் கட்டிலாகத் துணி மாற்றிக்கொண்டு வந்த ஆயா எங்கள் கட்டிலுக்கு வந்தாள்.

“தலச்சனாம்மா?” என்று மதினியைக் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்வது அம்மாதான். அம்மா வாய் திறப்பதற்குள் மதினி, “இல்ல. மூணாவது,” என்றாள். அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அப்டியா? மத்த ரெண்டும் ஊட்ல கீதா?”

மதினியின் உதடு அசைந்தது. ஆயா பழைய துணியைச் சுருட்டிக்கொண்டே பதிலுக்காக நின்றாள்.

அம்மா குழந்தையிடமிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“ரெண்டும் மூணு மூணு மாசம் இருந்துச்சு,” என்றாள். “எனக்கு இது மூணாவது பேரப்பிள்ளை.”